மனுவின் ஐந்தாவது கோரிக்கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, நம்ம கோயில் குரூப்பைத் திரும்பக் கூட்டணும். நீங்க வந்தாத்தான் சரியா இருக்கும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு மாதமாக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பங்கு, அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும், வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. பூண்டி மாதா கோயிலுக்குச் சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம். எங்கள் ஒன்றியத்தில் கட்சியின் சிறுபான்மைப் பிரிவில் முஸ்லிம்களும் உண்டு, நாங்களும் உண்டு. அதற்குள் கத்தோலிக்க உறுப்பினர்கள் மட்டும் தனியாகக் கூடுவது என் அப்பா காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம். கட்சிச் சட்டதிட்டத்தில் அதற்கு இடம் கிடையாது, லெட்டர்பேடும் கிடையாது. கட்சிக்காரர்கள் 'கோயில் குரூப்' என்பார்கள். 2006 முதல் 2011 வரை அதில் துணை அமைப்பாளராக இருந்தேன். எந்தக் கட்சி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு கட்சியின் பக்கம் போய்விடும். நான் பேச நினைப்பது எங்களைப் பற்றி.

கட்சிக்குள் கத்தோலிக்கர்களுக்கு எதற்குத் தனிக் குழு என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். என் சித்தி மகள் ஒரு சிஸ்டர், கன்னியாஸ்திரி. ஜெர்மனியில் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது அங்கேயும் இப்படி ஒரு குழு இருக்கிறது என்று சொன்னாள். அப்புறம் நானும் தேடிப் படித்தேன். அங்கே கத்தோலிக்கர்களுக்கென்றே 1870இல் ஒரு கட்சி இருந்தது, சென்ட்ரம் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1945இல், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் ஒரே கட்சியில் இருப்போம் என்று கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். பழைய சென்ட்ரம்காரர்கள் பலர் இதில் சேர்ந்தார்கள். தலைவர் அடனாவரும் கத்தோலிக்கர். கட்சியே கத்தோலிக்கர் கட்சி ஆகிவிடுமோ என்று புராட்டஸ்டண்டுகளுக்குப் பயம். 1952இல் அவர்கள் கட்சிக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். கத்தோலிக்கர்கள் தங்களுக்கென ஒரு குழு அமைத்தது 2009இல்தான். கருவிலிருக்கும் உயிர், திருமணம், குடும்பம் போன்ற விஷயங்களில் கட்சி திருச்சபையின் போதனையை விட்டு விலகிப்போகிறது என்ற கவலையில் அமைத்தார்கள். நடுவில் 57 வருடம். தன் குரல் கட்சியில் கேட்கிறது என்று நினைத்தவரை அவர்களுக்குக் குழு தேவைப்படவில்லை. கேட்கவில்லை என்று தோன்றியதும் கூடிவிட்டார்கள். எனக்கு அதில் புரிந்தது இவ்வளவுதான்: கட்சிக்குள் யார் குரல் அமுங்குகிறதோ அவர்களுக்காகத்தான் இப்படி ஒரு குழு.

இதை எங்கள் ஊருக்கு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. எங்களில் யார் குரல் அமுங்கியிருக்கிறது?

2009 மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து எல்லார் கையிலும் கொஞ்சம் நேரம் இருந்த சமயம். மாவட்டப் பொறுப்பாளர் ஊருக்கு வருகிறார், மனு தயார் செய்யுங்கள் என்று தகவல். அமைப்பாளர் வீட்டில் கூடினோம், இருபத்திரண்டு பேர். தெற்குத் தெருவிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர். வயதான கொத்தனார், எங்கள் கோயில் மணிக்கூண்டில் அவர் கைவேலை இருக்கிறது. எங்கள் பங்கில் பாதிக்கு மேல் தெற்குத் தெருக்காரர்கள்தான். குழுவில் ஒருவர். அவரும் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை, இங்கே வாருங்கள் என்றும் யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நான்கு கோரிக்கைகள் மளமளவென்று வந்தன. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர். வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை, எங்கள் ஊர் வழியாகக் கூடுதல் பேருந்து. கோயில் சாலைக்குத் தார். பங்குப் பள்ளிக்கூடத்தில் காலியாக இருந்த ஆசிரியர் இடம். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனபோது கொத்தனார் எழுந்து நின்றார்.

"அஞ்சாவதா எங்க விஷயத்தையும் போடுங்க தம்பி. வேதக்காரனா இருந்தாலும் எஸ்.சி.ன்னு சேக்கச் சொல்லி. பெரியவங்க டெல்லில பேசணும்னு."

போடுகிறோம் என்றோம். அவர் போனதும் ஒருவர் சொன்னார்: "இது டெல்லி விஷயம். இதைப் போட்டா மத்த நாலும் தள்ளிப்போயிடும்." இன்னொருவர், "நம்ம ஆளுங்களே இதுல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். 'நம்ம ஆளுங்க' என்றால் யார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்று இரவு என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மனுவைத் தட்டச்சு செய்தேன். ஐந்தாவது கோரிக்கையை முழுதாக அடித்து முடித்தேன். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் கேட்டபோது, ஒரே பக்கத்தில் அடங்கவில்லை பெரியவரே, அடுத்த தடவை போட்டுவிடலாம் என்றேன். அந்தப் பக்கத்தில் கீழே நான்கு விரற்கடை வெள்ளையாக இருந்தது.

நான்கில் ஒன்று நிறைவேறியது. சுற்றுச்சுவர் வந்தது. நல்ல உயரமான சுவர். அதற்குள் தெற்குத் தெருக்காரர்களுக்கு இன்றும் வடகிழக்கு மூலைதான். கொத்தனாரும் அங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எங்கள் அப்பா கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு அந்த மூலைக்கும் போய்வருகிறேன். அவர் உயிரோடு இருந்தவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அதே வருடம் கல்லூரி சேர்க்கை சமயத்தில் தெற்குத் தெருவிலிருந்து ஓர் அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு பிளாஸ்டிக் உறை. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். நீல உறையில் கோயில் காகிதங்கள்: ஞானஸ்நானச் சீட்டு, முதல் நன்மைப் படம், சிஸ்டர்கள் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ். மஞ்சள் உறையில் தாலுகா ஆபீஸ் காகிதங்கள். அவருடைய மூத்த மகன் அரசுப் பள்ளியில் படித்தவன். அங்கே சேர்க்கும்போது அவன் தாத்தா வாயில் வந்த பெயரையும் 'இந்து' என்பதையும் எழுதிக்கொண்டார்கள். அதனால் அவன் ஆதிதிராவிடர். இளைய மகள் சிஸ்டர்கள் பள்ளியில் படித்தவள், ஞானஸ்நானப் பெயர், 'கிறிஸ்தவர்'. அதனால் அவள் பிற்படுத்தப்பட்டோர். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே ஓட்டு வீட்டில் வளர்ந்து, ஒரே டீக்கடையில் ஒரே மாதிரி நடத்தப்பட்ட இரண்டு பிள்ளைகள். அண்ணனுக்கு 18 சதவீத ஒதுக்கீட்டில் இடம் உண்டு. தங்கை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பத்துப் பதினைந்து ஏக்கர் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும்.

மகளுக்கும் சான்றிதழை மாற்ற முடியுமா என்று கேட்க வந்திருந்தார். விசாரணைக்கு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வீட்டுக்கு வருவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வந்து பாத்துட்டுப் போவாராம். மாதா படத்த மட்டும் எறக்கி வச்சிட்டாப் போதுமா தம்பி, இல்ல செபமாலையையும் எடுத்துரணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. கட்சியில் கத்தோலிக்கர்களுக்காக இருக்கிற குழுவின் துணை அமைப்பாளர் நான். பங்குச் சாமியாரைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள் அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

படத்தை இறக்கினார்களாம். மூன்று நாள் ஆர்.ஐ. வரவில்லை. நான்காம் நாள் மகள் தானே நாற்காலி போட்டு ஏறி மாதாவை மாட்டிவிட்டாள். "நான் பி.சி.யாவே இருந்துட்டுப் போறேன்" என்றாளாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் நர்சிங் டிப்ளமா படித்தாள். அந்தக் கடனை அடைக்க அந்த வீட்டுக்கு ஒன்பது வருடம் ஆனது.

இதன் வேர் எங்கே என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. யார் யார் பட்டியல் சாதியினர் என்று சொல்லும் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. அதனால்தான் தலித் கிறிஸ்தவர்கள் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரல் 19இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, இவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதாவது 2009இல் நான் அழித்த அந்த வரி, பதினான்கு வருடம் கழித்துச் சட்டப்பேரவையிலேயே படிக்கப்பட்டது. டெல்லி விஷயம், நமக்கெதற்கு என்று சொன்னவர்களுக்கும் அதைக் கேட்டுக்கொண்ட எனக்கும் இதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொல்ல முடியாது.

இடஒதுக்கீடு மட்டும் இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவர்களுக்குப் பொருந்தாது. சாதியைச் சொல்லித் திட்டுபவன், இவர் ஞானஸ்நானம் வாங்கியவர் என்று பார்த்துத் திட்டுவதில்லை. ஆனால் வழக்கு என்று வரும்போது ஞானஸ்நானம் முன்னால் வந்து நிற்கிறது. அரசு உதவித்தொகை அறிவிப்புகளில் 'மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்' என்று ஒரு சொல் வரும். எங்கள் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்த அக்காவின் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது. நான்கு தலைமுறையாகியும் 'மதம் மாறியவர்' என்றால், எப்போதுதான் மாறி முடிப்பார்கள்?

தேர்தல் கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வேளாங்கண்ணி இருக்கிற நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. டெல்டாவில் திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், சீர்காழி, திருவிடைமருதூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித்தொகுதிகள். இந்த எதிலும் ஒரு தலித் கத்தோலிக்கர் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. மாதா கோயில் வாசலில் பிறந்து வளர்ந்து, கட்சிக்கு முப்பது வருடம் கொடி பிடித்தவராக இருந்தாலும் வேட்புமனுவே செல்லாது. பட்டியல் இனத்துக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியிலும் இதே கதைதான். கட்சியில் எல்லாரும் எல்லாப் பதவிக்கும் வரலாம் என்று மேடையில் சொல்கிறோம். எங்கள் பங்கில் பாதிப் பேருக்கு அது பொருந்தவில்லை. கட்சிக்குள் ஒரு கத்தோலிக்கக் குழு கேட்பதற்கு இதைவிடப் பெரிய கேள்வி இருக்கிறதா? நாங்கள் பேருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

டெல்டா கத்தோலிக்கர்களுக்கு இதில் ஒரு முன்னோடி இருக்கிறார். அவரை நாங்கள் மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம். சர் ஏ.டி.பன்னீர்செல்வம். திருவாரூர்ப் பக்கத்துக்காரர், கத்தோலிக்கர், நீதிக்கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திர விடுதிகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டவர். திருவையாற்றில் சமஸ்கிருதம் மட்டும் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் தமிழையும் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1938இல் பெரியார் சிறையில் இருக்கும்போதே அவரைக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சென்னை மாநாட்டில் பெரியாருக்குப் பதிலாக மேடையில் நின்றவர் பன்னீர்செல்வம்தான். 1940 மார்ச் 1ஆம் தேதி, லண்டனில் பதவி ஏற்கப் போகும் வழியில் ஓமன் வளைகுடாப் பகுதியில் அவர் போன ஹனிபால் விமானம் காணாமல் போனது.

அவர் செய்ததில் என் மனதில் நிற்பது வேறொன்று. 1931இல் லண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாடு. இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போனவர் அவர். அங்கே சிறுபான்மையினர் ஒப்பந்தம் என்று ஒன்று தயாரானது. முஸ்லிம்களுக்காக ஆகா கான், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக அம்பேத்கர், கிறிஸ்தவர்களுக்காகப் பன்னீர்செல்வம் கையெழுத்துப் போட்டார்கள். காவிரித் தண்ணீர் குடித்த ஒரு கத்தோலிக்கரின் கையெழுத்தும் அம்பேத்கரின் கையெழுத்தும் ஒரே காகிதத்தில். அதிலிருந்து 19 வருடத்தில், அம்பேத்கரின் மக்களில் ஒரு பகுதியைக் கிறிஸ்தவர்கள் என்பதாலேயே வெட்டி வெளியே தள்ளியது ஆணை. அந்த இரண்டு கையெழுத்தும் மறுபடி ஒன்று சேர வேண்டிய இடம் தெற்குத் தெரு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2007இல் கிறிஸ்தவர்களுக்குத் தனியாக 3.5 சதவீதம் என்று அரசு அறிவித்தபோது எங்கள் ஒன்றியத்தில் இனிப்புக் கொடுத்தோம். கணக்குப் பார்த்ததில், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டிலேயே இருந்தபோது கிடைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. வேண்டாம் என்று கிறிஸ்தவத் தரப்பிலிருந்தே கேட்டு 2008இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்காகக் கையெழுத்து வாங்கித் தெருத்தெருவாக நடந்தோம். எவ்வளவு வேகமாக நடந்தோம்! நமக்கு நஷ்டம் என்றதும் புள்ளிவிவரம், சட்டப் பிரிவு எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த உழைப்பு தப்பில்லை. ஐந்தாவது கோரிக்கைக்கு அதில் பாதி உழைத்திருந்தால் போதும்.

எங்களிடம் கட்சி எதிர்பார்த்ததும் வேறாக இருந்தது. தேர்தல் வந்தால் சாமியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்பார்கள். பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சூசகமாகச் சொன்னாலும் போதும் என்பார்கள். எங்கள் அப்போதைய பங்குத்தந்தை இதில் கறாரானவர். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் 287ஆம் பிரிவைக் காட்டுவார். குருக்கள் கட்சிகளில் தீவிரப் பங்கெடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நாட்டுச் சட்டமும் இருக்கிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் முறைகேடு. 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் விரிவாக்கி உறுதிப்படுத்தியது. "நான் பேசக் கூடாது, நீங்கதான் பேசணும். பொதுநிலையினர் எதுக்கு இருக்கீங்க?" என்பார் சாமி. அப்போது அது எனக்குத் தட்டிக்கழிப்பாகப் பட்டது. இப்போது யோசித்தால், எங்கள் வேலையைத்தான் அவர் எங்களுக்கு நினைவுபடுத்தியிருக்கிறார். கட்சியின் குரலைக் கோயிலுக்குள் கொண்டுபோக ஒரு குழு தேவையில்லை. அதற்கு ஒலிபெருக்கி போதும். பங்கில் யாருக்கு வாய் அடைத்திருக்கிறதோ அவர்கள் குரலைக் கட்சிக்குள் கொண்டுபோகத்தான் ஆள் வேண்டும்.

அதற்கு முதலில் எங்களுக்குள் சரியாக வேண்டும். சப்பரம் தெற்குத் தெருவுக்குள் போகாமல் முனையிலேயே திரும்புகிற வரையில், அந்த மக்களுக்காக டெல்லியில் பேசுங்கள் என்று கட்சியிடம் கேட்க எங்களுக்கு என்ன தகுதி? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை அதில் ஒத்துக்கொண்டார்கள். ஆயர்கள் ஒத்துக்கொண்டதை எங்கள் பங்குப் பேரவையில் ஒத்துக்கொள்ள வைப்பது கஷ்டம். பேசிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், ஒருவர் என் தாய்மாமா. அந்த வருடம் பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து கரும்பு வரவில்லை.

அந்தத் தம்பிக்குப் போன வாரம் பதில் சொன்னேன். வருகிறேன், ஆனால் கூட்டம் யார் வீட்டிலும் வேண்டாம், தெற்குத் தெருவில் மாதா கெபிக்கு (மாதா சிலை வைத்த சிறு குகைக்கு) எதிரே வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்வோம் என்றேன். அன்பியம் (தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் குழு) கூட்டம் நடக்கிற இடம்தானே, பாய் நிறைய இருக்கிறது, எல்லாரும் கீழேயே உட்காரலாம். மனுவில் முதல் வரி எதுவென்று இப்போதே முடிவு செய்துவிட்டு மற்றதைப் பேசுவோம் என்றும் சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரிண்ணே, எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை.

நேற்று அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். மகளின் பையன் இப்போது ஆறாம் வகுப்பு, லீவுக்கு வந்திருந்தான். சுவரில் மாதா படம் அதே இடத்தில் இருந்தது. கொத்தனாருக்கு அடித்த வரியை அழித்தது நான்தான் என்று அக்காவிடம் முதன்முறையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நீல உறையையும் மஞ்சள் உறையையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"கூட்டத்துக்கு எதக் கொண்டாரட்டும்?"

"ரெண்டையும் கொண்டாங்க அக்கா" என்றேன்.